ஷாம்பு பாக்கெட்டிலிருந்து ஒரு பாடம்: வியாபார வாய்ப்பு என்றால் என்ன?

"நல்ல ஐடியா இருக்கு, முதல் போட ஆள்தான் கிடைக்கல." "அந்த ஏரியாவுல அந்தக் கடை இல்ல, போட்டா பிச்சுக்கும்." இப்படிப் பேசுபவர்கள் நம் ஒவ்வொருவரின் உறவிலும் நட்பிலும் இருக்கிறார்கள். பேச்சோடு நின்றால் பரவாயில்லை. நகையை அடகு வைத்து, மாமனாரிடம் கடன் வாங்கி, ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, "நமக்கு ராசி இல்லை" என்று ஒதுங்கிப்போகிற குடும்பங்கள் நிறைய. பல இடங்களில் பிரச்சினை ராசியில் இல்லை. எதை வாய்ப்பு என்று நினைத்தார்களோ அது வாய்ப்பாகவே இருந்திருக்காது. அதைப் பணம் போடும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தேவை வேறு, ஐடியா வேறு, வாய்ப்பு வேறு

மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்றால் அது தேவை. அந்தக் குறையை எப்படித் தீர்க்கலாம் என்று நம் மனதில் தோன்றுவது ஐடியா. வாய்ப்புக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. அந்தக் குறையைத் தீர்க்க அவர் ஒரு விலை தர வேண்டும். நமக்கு ஆகும் செலவு அந்த விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த வேலை நம் கைக்கு எட்டுவதாகவும், போட்ட பணம் திரும்பும் அளவுக்காவது கொஞ்ச காலம் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் வாய்ப்பு.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற தேவை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. "ஆள் அனுப்பும் சேவை தொடங்கலாம்" என்ற ஐடியா பத்துப் பேருக்காவது வந்திருக்கும். ஆனால் நம்பி வீட்டுக்குள் விடக்கூடிய ஆட்களை எங்கே பிடிப்பது, அவர்களுக்கு என்ன சம்பளம், ஒருவர் திடீரென்று லீவு போட்டால் யாரை அனுப்புவது, இவ்வளவுக்கும் சேர்த்து அந்தப் பிள்ளைகள் மாதம் எவ்வளவு தருவார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தவருக்கு அது வாய்ப்பு. மற்றவர்களுக்கு அது தேவையாகவே இருக்கும்.

ஒரே காட்சி, வேறு வேறு கண்கள்

பைபாஸ் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி புதிதாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியாகப் போகிற எல்லோரும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். மெஸ் நடத்திப் பழகியவர் அங்கே மூன்று வேளைச் சாப்பாட்டைக் காண்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அசைன்மென்ட்டும் ரெக்கார்டு நோட்டும் தெரிகின்றன. ஆட்டோ ஓட்டுபவருக்குத் தெரிவது, கடைசி டவுன் பஸ் போன பிறகு மாணவர்கள் எப்படி ஊருக்குத் திரும்புவார்கள் என்ற கேள்வி. பார்த்தது ஒரே கட்டடம். ஆளுக்கு ஆள் தெரிந்தது வேறு.

இதை ஓர் ஆராய்ச்சியே தெளிவாகக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பொடியை அடுக்கடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசையைத் தெளித்து ஒட்டவைத்து, ஒரு பொருளை உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். முப்பரிமாண அச்சு என்று நாம் இன்று சொல்வதன் ஒரு வகை அது. அந்த ஒரே கண்டுபிடிப்பை வைத்துத் தொழில் தொடங்க முயன்ற எட்டுத் தரப்பினரை ஸ்காட் ஷேன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார். ஒரு தரப்புக்கு அதில் உலோக வார்ப்புக்கான அச்சுகள் தெரிந்தன. இன்னொரு தரப்புக்கு வடிகட்டிகள், மற்றொன்றுக்கு மருந்து மாத்திரைகள், வேறொன்றுக்கு வடிவமைப்பாளர்களுக்கான மாதிரிகள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. அவரவர் முன்பு பார்த்த வேலையும் பழகிய துறையும்தான் அவரவருக்குத் தென்பட்டதைத் தீர்மானித்தன.

இப்படி நமக்குள் ஏற்கனவே சேர்ந்திருக்கும் அறிவை முன்னறிவு என்கிறார்கள். படிப்பு அதில் ஒரு சிறு பகுதிதான். எந்தக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் கேட்பார், எந்தச் சரக்கு மழைக்காலத்தில் தேங்கும், வாடிக்கையாளர் எந்த இடத்தில் அலுத்துக்கொள்வார் என்பதெல்லாம் முன்னறிவுதான். பத்து வருடம் ஒரு ஏஜென்சியில் சேல்ஸ்மேனாக அலைந்தவரிடம் இது குவிந்து கிடக்கும். ஆனால் அதை அவரே ஒரு சொத்தாக மதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். யூடியூபில் பார்த்த காளான் வளர்ப்பில் பணத்தைப் போடுவார். தான் தினமும் ஏறி இறங்கிய கடைகளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

சரி, முன்னறிவு உள்ள எல்லோருக்கும் வாய்ப்பு தென்பட்டுவிடுமா? இல்லை. பொருளாதார அறிஞர் இஸ்ரேல் கிர்ஸ்னர் இதற்கு இன்னொன்றையும் சேர்த்தார்: விழிப்பு. மற்றவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இடைவெளியைக் கவனிக்கும் தன்மை. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஒரு விலை, மலையைத் தாண்டி கேரளத்தில் வேறு விலை. இந்த வித்தியாசத்தைக் கவனித்து லாரி பிடித்தவர் செய்தது அதுதான். அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு விலைகள் சந்திக்காமல் இருந்ததைப் பார்த்தார், சந்திக்க வைத்தார்.

வேறு சில வாய்ப்புகள் ஒரு மாற்றத்தால் பிறக்கின்றன. புதிய கருவி, புதிய சட்டம், புதிய சாலை, மக்களின் பழக்கத்தில் ஒரு திருப்பம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். பழைய பொருட்களைப் புதிய விதத்தில் சேர்ப்பதே தொழில்முனைவு என்று ஜோசப் ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உலகத்தில் ஓர் இடைவெளியோ மாற்றமோ இருக்க வேண்டும், அதைப் படித்தறியும் முன்னறிவு ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் விழிப்போடும் இருக்க வேண்டும். இவை சேரும் இடத்தில் வாய்ப்பு தென்படுகிறது. எல்லாருக்கும் பொதுவாகத் தெருவில் கிடப்பதில்லை அது.

கடலூரிலிருந்து வந்த ஷாம்பு

இனி உண்மையான ஒரு கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் ஷாம்பு என்றால் பாட்டில்தான். கிராமத்திலும் சிறு நகரத்திலும் சீயக்காய், அரப்பு, இல்லையென்றால் குளிக்கிற சோப்பு. பெரிய நிறுவனங்களின் பார்வையில் அந்த மக்கள் ஷாம்பு வாங்குபவர்களே அல்ல. ஆனால் கடலூரில் சிறு அளவில் மருந்துப் பொருட்கள் தயாரித்துவந்த சின்னி கிருஷ்ணன் வேறு மாதிரி யோசித்தார். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்பவரும் வாங்க முடிய வேண்டும், அதற்குச் சின்னப் பாக்கெட்தான் வழி என்பது அவர் எண்ணம். அந்தக் குடும்பத்திலிருந்து பாக்கெட்டில் வெல்வெட் ஷாம்பு வந்தது. பிறகு அவர் மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாயோடு 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். கெவின்கேர் நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

இந்தக் கதையைப் பலரும் "சின்னதாகப் பாக்கெட் போட்டார், ஜெயித்தார்" என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தினக்கூலி வாங்குபவரின் கையில் பணம் தினம் தினம் வருகிறது, தினம் தினம் செலவாகிறது. அவருக்கு ஷாம்பு வேண்டாம் என்பதில்லை. ஒரு மாதத்துக்கான ஷாம்புவின் விலையை ஒரே நாளில் எடுத்து வைக்க அவரால் முடியாது. பாட்டில் கேட்டது அதைத்தான். ஒரு வேளைத் தலைக்குளியலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று மாற்றியபோது, பொருள் மாறவில்லை, பணம் கொடுக்கும் முறை மாறியது. பெட்டிக்கடைக்காரருக்கும் அதில் வசதி. ஷெல்ஃபில் இடம் வேண்டாம், முதலும் அதிகம் முடங்காது, சரமாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்கலாம்.

ஆக, அங்கே இருந்த இடைவெளி "ஷாம்பு இல்லை" என்பதில் இல்லை. பணம் கைக்கு வரும் விதத்துக்கும் பொருள் விற்கப்படும் விதத்துக்கும் நடுவில் இருந்தது. கடலூர் போன்ற ஊரில் வாழ்ந்து, அந்த மக்களுக்கே சரக்கு விற்றுப் பழகியவர்களுக்கு இது தெரிந்தது. மும்பையில் இருந்த பெரிய நிறுவனங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே பாக்கெட்டுகள்தான் இன்று நம் வாய்க்கால்களை அடைக்கின்றன. வாய்ப்பின் கணக்கில் விற்பவரும் வாங்குபவரும் மட்டும் வருகிறார்கள். ஊர் சுமக்கும் செலவு அந்தக் கணக்கில் வருவதில்லை. இன்று யாராவது ஒரு வாய்ப்பை எடைபோடும்போது இதையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எடைபோடுவது: மாவுக் கணக்கு

வாய்ப்பு தென்பட்டது. அப்புறம்? பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இதற்குத் தேவைப்படுவது ஒரு நோட்டும் பேனாவும்தான்.

இட்லி மாவு விற்பதை எடுத்துக்கொள்வோம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் ஆகிறது. கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் மிச்சம். ஒரு பாக்கெட் விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாத செலவு சில உண்டு: இட வாடகை, உதவியாளர் சம்பளம், கிரைண்டர் கடனுக்கான தவணை. அது மாதம் 24,000 என்று வைப்போம். 24,000ஐ 10ஆல் வகுத்தால் 2,400. மாதம் 2,400 பாக்கெட், அதாவது ஒரு நாளைக்கு 80 விற்றால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. இந்த எண்ணிக்கைக்குத்தான் பிரேக் ஈவன் என்று பெயர்.

80 எளிதாகத் தெரிகிறது அல்லவா? இப்போது ஓர் உண்மையைச் சேர்ப்போம். மாவு புளித்துவிடும், விற்காததைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். நூறு பாக்கெட் போட்டால் இருபது திரும்பி வருகிறது என்று வையுங்கள். நூறுக்கான செலவு 3,000. விற்ற எண்பதுக்கு வரவு 3,200. மிச்சம் 200 ரூபாய்தான். தயாரிக்கும் பாக்கெட் ஒன்றுக்கு 10 ரூபாய் நின்ற இடத்தில் 2 ரூபாய். அதே 24,000 ரூபாயை ஈடுகட்ட இனி நாளொன்றுக்கு 400 பாக்கெட் தயாரிக்க வேண்டும். 80 எங்கே, 400 எங்கே! உங்கள் ஐடியா மாறவில்லை, மாவின் ருசி மாறவில்லை. ரிட்டர்ன் என்ற ஒரே ஒரு விஷயம், வாய்ப்பைப் போல் தெரிந்ததை வாய்ப்பே இல்லாததாக்கிவிட்டது. மாவு வியாபாரத்தில் அனுபவம் உள்ளவர் முதலில் கேட்பது இதைத்தான். புதிதாக வருபவர் கடைசியில் தெரிந்துகொள்வதும் இதைத்தான். முன்னறிவு வாய்ப்பைக் காட்டுவதோடு நிற்பதில்லை, இல்லாத வாய்ப்பை இல்லை என்றும் காட்டுகிறது.

மாவில் வாய்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2005இல் பெங்களூரில் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. முஸ்தஃபாவும் அவர் உறவினர்களும் பார்த்தது, கடையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையில் விற்ற மாவைத்தான். எல்லோரும் பார்த்த அதே பை. தரம் நிச்சயமில்லாமல் இருந்ததுதான் அவர்கள் கண்ட இடைவெளி. சில கடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

கணக்குப் போட முடியாத பகுதி

நோட்டுக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நூறில் இருபது திரும்பும் என்று எப்படித் தெரியும்? நீண்ட நாள் மாவு விற்றவருக்குத் தெரியலாம். முன்பு யாரும் விற்காத ஒன்றை விற்கப் போகிறவருக்கு அந்த எண்ணே கிடையாது. ஃபிராங்க் நைட் என்ற பொருளியலாளர் 1921இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். எத்தனைக்கு எத்தனை தவறும் என்று முன் அனுபவத்திலிருந்து கணிக்க முடிந்தால் அது அபாயம். கணிக்க அடிப்படையே இல்லையென்றால் அது நிச்சயமின்மை. அபாயத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். நிச்சயமின்மைக்கு யாரும் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள்.

அனுபவசாலிகள் அந்த இருட்டில் எப்படி நடக்கிறார்கள்? சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டார். "இதில் எவ்வளவு வரும்?" என்பதைவிட "இது போனால் நான் எவ்வளவு இழப்பேன், அது எனக்குத் தாங்குமா?" என்பதிலிருந்து அவர்களில் பலர் தொடங்கினார்கள். இதைத் தாங்கக்கூடிய நட்டம் என்று சொல்லலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைத்தான் துணிச்சல் என்று தவறாகப் படிக்கிறார்கள். நம் ஊரில் "ரிஸ்க் எடுக்கணும்" என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். வீட்டை அடகு வைப்பதும், இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு ஐம்பது வீட்டுக்குச் சாம்பிள் கொடுத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. முதலாவது தவறினால் குடும்பம் விழும். இரண்டாவது தவறினால் ஒரு பாடமும் கொஞ்சம் பண நட்டமும்தான், மறுபடி முயலக் கையில் தெம்பு இருக்கும்.

சுருக்கமாக: கணக்குப் போட முடிந்ததை நோட்டில் போடுங்கள். போட முடியாததை, இழந்தாலும் தாங்கக்கூடிய பணத்தில் சோதித்துப் பாருங்கள்.

கையில் கொடுத்துப் பார்ப்பது

வாய்ப்பைத் துரத்துவது என்பதன் பெரும்பகுதி இப்படிச் சோதிப்பதுதான். சிக் ஷாம்பு ஆட்கள் கிராமங்களுக்குப் போய், எல்லோர் முன்னாலும் ஒரு பையனுக்கு ஷாம்பு போட்டுத் தலையை அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களைத் தலைமுடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். பிறகு அதையே சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். முதலில் மற்றவர்களின் வாடிக்கையாளரை இழுத்தார்கள், அப்புறம் இழுத்தவரைத் தக்கவைத்தார்கள். மல்லிகை, ரோஜா மணங்களைக் கொண்டுவந்தார்கள். தலையில் பூ வைக்கும் ஊரில் அது சரியாகப் போய் உட்கார்ந்தது.

வெகு தொலைவில், அமெரிக்காவின் 3எம் நிறுவனத்திலும் இதே பாடம்தான். அங்கே 1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி, ஒட்டும் ஆனால் எளிதில் பிரிந்துவரும் ஒரு பசையை உருவாக்கினார். அதற்கு என்ன பயன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃபிரை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அந்தப் பசையை இந்தக் காகிதத்தோடு அவர்தான் சேர்த்து யோசித்தார். அப்படிப் பிறந்த, ஒட்டி எடுக்கக்கூடிய சிறு குறிப்புத் தாள்களை 1977இல் சில நகரங்களில் விற்றுப் பார்த்தபோது சரியாகப் போகவில்லை. அடுத்த ஆண்டு பாய்சி என்ற ஊரில் இலவசமாகவே கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாங்குவோம் என்றார்கள். 1980இல் அது போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது. "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காத பதில், கையில் கொடுத்தபோது கிடைத்தது.

நிறுவனங்களுக்கு மட்டும் வரும் சிக்கல்

தனி ஆளுக்குப் பணம் குறைவு. பெரிய நிறுவனத்துக்குப் பணம், ஆள், ஆய்வகம் எல்லாம் உண்டு. அப்படியும் வாய்ப்பைத் தவறவிடுகிறார்களே, ஏன்?

கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்துகாட்டினார். அவர்களுக்கு வாய்ப்பு தெரியவில்லை என்று சொல்ல முடியாது, அது அவர்கள் மேசையிலேயே இருந்தது. ஆனால் கோடக் சம்பாதித்தது ஃபிலிமில். ஃபிலிம் தேவைப்படாத கேமரா வளர்ந்தால் சொந்த வருமானத்தையே தின்னும். புதியது தரும் சிறு வருமானத்தை, பழையது தரும் பெரு வருமானத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் ஆண்டும் பழையதுதான் ஜெயிக்கும். ஒவ்வோர் ஆண்டின் முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே ஃபிலிம் தொழிலில் இருந்த ஜப்பானின் ஃபுஜிஃபிலிம், தன்னிடம் இருந்த ரசாயன அறிவை எல்சிடி திரைகளுக்கான படலங்களுக்கும் அழகுசாதனப் பொருட்களுக்கும் கொண்டுபோனது. நிறுவனத்துக்கும் முன்னறிவு உண்டு. அதை ஒரே பொருளோடு கட்டிப்போட்டுக்கொள்வதா, அவிழ்த்து வேறு இடத்தில் பயன்படுத்துவதா என்பதில்தான் இந்த இரண்டு நிறுவனங்களும் பிரிந்தன.

வாய்ப்புக்கும் காலாவதி உண்டு

ஒருவர் லாபம் பார்த்தால் அடுத்தவர் வந்துவிடுவார். பாக்கெட் ஷாம்புவில் பெரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. சிக் 50 பைசாவுக்கு இறங்கி வந்தது. போட்டியே இல்லாத தொழில் வேண்டும் என்று தேடுபவர்களுக்கு நான் சொல்வது: போட்டி வருவது வாய்ப்பு உண்மையானது என்பதற்கு அடையாளம். போட்டி வந்த பிறகும் உங்களிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

சில வாய்ப்புகளைப் போட்டியைவிட மாற்றம் முடித்துவைக்கிறது. எஸ்டிடி பூத் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலத்தில், வெளியூருக்குப் பேச, இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக அங்கே வரிசையில் நின்றோம். தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு, மாற்றுத்திறனாளிகள் பலர் உட்பட, அது கௌரவமான பிழைப்பைத் தந்தது. 2003இல் செல்போனில் வரும் அழைப்புகள் இலவசமாயின, கைபேசி விலையும் இறங்கியது, சில ஆண்டுகளில் பூத்துகள் காணாமல்போயின. வெறும் பூத்தாக மட்டும் இருந்தவர்கள் மூடினார்கள். இன்னும் சிலர் அதே இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தார்கள், ரீசார்ஜ் செய்தார்கள், பிறகு ரீசார்ஜும் போன் ஆப்புக்குள் போனபோது ஆதார் திருத்தமும் ரயில் டிக்கெட்டும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்துகொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்த போன் கருவிக்கு மதிப்பு போய்விட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து இடமும், "அந்த அண்ணன் கடையில் கேட்டால் செய்து கொடுப்பார்" என்று ஊர் வைத்திருந்த நம்பிக்கையும்தான் அவர்களை ஒவ்வொரு முறையும் அடுத்த வாய்ப்புக்குக் கொண்டுபோயின. அந்த இரண்டும் எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது.